கடைமடைத் தோல்: பழைய தழும்பு இருந்த வயிற்றில் ஒரு டம்மி டக்

பின்னணி

டம்மி டக் என்பது தொங்கும் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்து, விலகிய வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை. அதற்காக வந்த நோயாளிக்கு வயது 49. மேற்குத் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் தையல் கடை வைத்திருப்பவர். உயரம் 158 செ.மீ. எடை ஒரு காலத்தில் 88 கிலோ. காலை நடையாலும் ராத்திரி சோற்றை விட்டதாலும் 2 வருடத்தில் 74 கிலோவுக்கு இறங்கி, எங்களிடம் வரும்போது 8 மாதமாக அதே எடையில் நின்றிருந்தார். உடல் இளைத்தது, வயிற்றுத் தோல் இளைக்கவில்லை. இளைத்தவர்கள் பலர் சொல்லும் குறைதான் இது. இவர் சொன்ன விதம் மட்டும் நினைவில் நிற்கிறது: "வயித்தைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுத்தான் மெஷின்ல உட்கார வேண்டியிருக்குதுங்க. குனிஞ்சா பலகை விளிம்புல அழுந்துது."

முன்பு நடந்த அறுவைச் சிகிச்சைகள் மூன்று. இரண்டு சிசேரியன், இரண்டாவதன்போதே குடும்பக் கட்டுப்பாடும் முடிந்துவிட்டது. மூன்றாவது, 19 வருடத்துக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காகச் செய்தது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பெரிய ஊர்களில் அப்போதே வந்துவிட்டது. இவருக்கு வயிற்றைத் திறந்துதான் எடுத்திருக்கிறார்கள். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. கேஸ் ஷீட்டில் "புகைபிடித்தல்: இல்லை" என்று பதிவாகியிருந்தது. இந்த வரிக்குப் பின்னால் ஒருமுறை திரும்பி வருவேன்.

நோயாளியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவரையோ மருத்துவமனையையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அறுவைச் சிகிச்சை செய்தவன் நான். ஆகவே கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

முதல் பரிசோதனை

நிற்க வைத்துப் பார்த்தபோது தொங்கிய தோல் அடிவயிற்று மடிப்பைத் தாண்டி விரற்கடை அளவு இறங்கியிருந்தது. மடிப்புக்குள் தோல் கறுத்து, ஈரமாக, அரிப்புப் புண்ணோடு இருந்தது. இடுப்பைச் சுற்றிப் பாவாடை நாடா இறுக்கி இறுக்கிப் பதிந்த கரும்பட்டை. சிகிச்சையால் வரப்போகும் கிடைமட்டத் தழும்பை அந்த நாடாவுக்குக் கீழே மறைக்க வேண்டும் என்பதால் அதன் இடத்தை எப்போதும் குறித்துக்கொள்வேன்.

படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னால், தொப்புளுக்கு மேலே நடுவயிறு ஒரு முகடுபோல் புடைத்தது. வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு ரெக்டஸ் தசைகளுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக இறங்கியது. அந்தத் தசைகளை இணைக்கும் வெண்மையான நார்ப்பட்டை 2 செ.மீ.க்கு மேல் அகன்றிருந்தாலே அதைத் தசை விலகல் என்போம். இருமச் சொன்னபோது தொப்புளில் சிறு புடைப்பு வந்து விரலை முட்டியது. சின்னதாக ஒரு தொப்புள் ஹெர்னியா.

அப்புறம் அந்தத் தழும்பு. வலது விலா விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, அதற்கு இணையாகச் சரிந்து இறங்கும் 16 செ.மீ. கோடு. சுவிட்சர்லாந்து அறுவைச் சிகிச்சை நிபுணர் கோஹர் பெயரால் அழைக்கப்படும் வெட்டு அது. நான் எழுதியது: "வலது மேல் வயிற்றில் பழைய தழும்பு, நன்கு ஆறியது." அந்த "நன்கு ஆறியது" என்ற இரண்டு சொற்களோடு என் யோசனையும் அங்கேயே நின்றுவிட்டது. தழும்பு என் கண்ணுக்குப் பட்டது, தாளிலும் ஏறியது. அதன் பொருளை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றே ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அடிவயிற்றில் இடுப்பிலிருந்து இடுப்புவரை ஒரு வெட்டு. தோலையும் கொழுப்பையும் விலா விளிம்புவரை அடியிலிருந்து பிரிப்பது. விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைப்பது. பிரித்த தோலைக் கீழே இழுத்து மிச்சத்தை வெட்டி எடுப்பது. தொப்புளுக்குப் புது இடத்தில் துளை போட்டு வெளியே எடுப்பது. வழக்கமான முழு டம்மி டக். கேட்டுக்கொண்டிருந்தவர், "பிளவுஸைப் பிடிச்சுத் தைக்கிற மாதிரிதானுங்களே?" என்றார். ஆமாம் என்று சிரித்தேன். துணிக்கு ரத்தம் ஓட வேண்டியதில்லை என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை.

மடிப்புப் புண்ணுக்கு 3 வாரம் களிம்பு, அதன் பிறகு தேதி என்று முடிவாயிற்று.

ஒரு மாணவியின் கேள்வி

வாரந்தோறும் வியாழக்கிழமை, அடுத்த வார கேஸ்களைப் பட்ட மேற்படிப்பு மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவோம். இந்த நோயாளியின் படத்தைத் திரையில் போட்டு என் திட்டத்தைச் சொன்னேன். இரண்டாம் வருட மாணவி ஒருவர் எழுந்து, பேனா முனையைத் தழும்புக்கும் தொப்புளுக்கும் நடுவே வைத்தார்.

"சார், எல்லாத்தையும் பிரிச்ச பிறகு இந்த இடத்துக்கு ரத்தம் எங்கிருந்து வரும்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல ஒன்றும் இல்லை.

வயிற்றுத் தோல் ரத்தம் குடிக்கும் வழி

இந்தப் பகுதி தெரிந்தவர்களுக்குப் பழைய பாடம். ஆனாலும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த கேஸ் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

முன்வயிற்றுத் தோலின் ரத்த ஓட்டத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, டம்மி டக் செய்பவர்களுக்குப் புரியும்படி 1979-இல் எழுதியவர் ஹியூகர். முதல் மண்டலம் நடு வயிறு. மார்புக்குள்ளிருந்து இறங்கும் மேல் எபிகாஸ்ட்ரிக் தமனியும் இடுப்பிலிருந்து ஏறும் கீழ் எபிகாஸ்ட்ரிக் தமனியும் ரெக்டஸ் தசைக்குள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அங்கிருந்து தசையையும் அதன் உறையையும் துளைத்துக்கொண்டு சிறு கிளைகள் நேராகத் தோலுக்கு வருகின்றன. இரண்டாம் மண்டலம் அடிவயிறு. இடுப்பு, தொடை தமனிகளிலிருந்து ஏறிவரும் கிளைகள் இதற்குப் பாய்கின்றன. மூன்றாவது, இரண்டு விலாப்புறங்களும். விலா எலும்புகளின் இடையிலிருந்தும் முதுகெலும்பின் பக்கமிருந்தும் புறப்படும் தமனிகள் பக்கவாட்டில் சாய்ந்து கீழிறங்கி நடுவை நோக்கி வருகின்றன.

முழு டம்மி டக்கில் என்ன நடக்கிறது? அடிவயிற்று வெட்டு இரண்டாம் மண்டலத்தின் வரத்தை அறுக்கிறது. தோலை விலா விளிம்புவரை பிரிக்கும்போது, துளைத்து வரும் கிளைகள் ஒவ்வொன்றாக அறுபட்டு முதல் மண்டலமும் போகிறது. மிச்சம் இருப்பது மூன்றாம் மண்டலம் மட்டும். நல்ல வயிற்றில் அதுவே போதும். இல்லாவிட்டால் இந்தச் சிகிச்சை இத்தனை வருடம் நிலைத்திருக்காது. இரண்டு பக்க விலாவிலிருந்தும் வரும் ரத்தம் தோலின் உட்பின்னல் வழியாக ஊர்ந்து நடுக்கோட்டின் கீழ் விளிம்புவரை எட்டிவிடும்.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். அந்தக் கீழ் நடு விளிம்பு கடைமடை. அணை நிறைந்திருந்தாலும் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் வயல் அது. வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான்.

கோஹர் வெட்டு இந்த வாய்க்காலின் குறுக்கே போட்ட கரை. வலது விலாவிலிருந்து கீழ்நோக்கி நடுவுக்கு வரும் தமனிகளையும், கூடவே வரும் நரம்புகளையும், வலது ரெக்டஸ் தசைக்குள் இறங்கும் மேல் எபிகாஸ்ட்ரிக்கையும் அது ஒரே வீச்சில் அறுத்திருக்கிறது. 19 வருடமாக அந்தத் தோல் வாடாமல் இருந்ததற்குக் காரணம், கீழேயிருந்து வந்த முதல், இரண்டாம் மண்டலக் கிளைகள். நான் போட்ட திட்டம் அவற்றையும் அறுக்கும் திட்டம். பிறகு தழும்புக்குக் கீழே, நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் முக்கோணத் தோலுக்கு இடது விலாவிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டி வருவதும், வலது ஓரத்தில் தழும்பு எட்டாத கீழ்ப்பகுதியிலிருந்து வருவதும்தான் கதி.

அடுத்த நாள் நோயாளியைத் திரும்ப அழைத்தேன். இந்த முறை பஞ்சும் ஊசி முனையும் கொண்டு தழும்பைச் சுற்றிச் சோதித்தேன். தழும்புக்கு மேலே உணர்வு சரியாக இருந்தது. கீழே ஒரு உள்ளங்கை அளவு இடம் மரத்திருந்தது. "கல்லு ஆபரேஷன் பண்ணுனதுல இருந்தே அங்க கிள்ளினாலும் தெரியாதுங்க. அது பெரிய விஷயம்னு நினைக்கல" என்றார். நரம்பும் தமனியும் ஒரே தடத்தில் நடப்பவை. நரம்பு அறுபட்ட இடத்தில் கூட வந்த தமனியும் போயிருக்கும் என்பதற்கு அந்த மரப்பைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. முதல் நாளே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

சிறுநீரகச் சோதனை பார்த்துவிட்டு, ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுத்தோம். வலது மேல் எபிகாஸ்ட்ரிக் தழும்பைத் தாண்டிப் புலப்படவில்லை. இடது பக்கம் தொப்புளுக்கு மேலே நல்ல பருமனுள்ள இரண்டு கிளைகள் தசையைத் துளைத்துத் தோலுக்கு வந்தன. தசை விலகல் அகலமான இடத்தில் 5.2 செ.மீ. ஹெர்னியாத் துளை 1.6 செ.மீ, உள்ளே கொழுப்பு மட்டும், குடல் இல்லை.

எடுத்த முடிவு, அதற்கான காரணம்

பழைய திட்டத்தைக் கிழித்துப் போட்டோம். மேசைமேல் வைத்த மாற்று வழிகள் சில.

மினி டம்மி டக், அதாவது அடிவயிற்றுத் தோலை மட்டும் வெட்டி மேலே எதையும் பிரிக்காமல் விடுவது. ரத்த ஓட்டத்துக்குப் பாதுகாப்பானது. ஆனால் இவருடைய தசை விலகல் தொப்புளுக்கு மேலேதான் பெரிது; அது அப்படியே நின்றுவிடும். தலைகீழ் முறை, அதாவது பழைய தழும்பையே பயன்படுத்தி மார்புக்கு அடியில் வெட்டித் தோலை மேலே இழுப்பது. தழும்பு தொந்தரவு தீரும். ஆனால் இவர் குறை மடிப்பைப் பற்றியது, மடிப்பு இருப்பது கீழே. முதலில் கீழ் வெட்டை மட்டும் போட்டு மூடிவிட்டு, தோல் பக்கவாட்டு ரத்தத்துக்குப் பழகிய பின் சில வாரம் கழித்து மீதியைச் செய்வது இன்னொரு வழி. இரண்டு முறை மயக்கம், இரண்டு முறை செலவு, இரண்டு முறை கடையை மூடுவது. அவர் ஒப்பவில்லை. எனக்கும் அது கட்டாயம் என்று தோன்றவில்லை. சிகிச்சையே வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வழிதான். அதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னோம்.

தேர்ந்தது நடுச் சுரங்க முறை. தொப்புளுக்கு மேலே தோலை அகலமாகப் பிரிக்காமல், இரண்டு ரெக்டஸ் தசைகளின் உள் விளிம்புகளைத் தைப்பதற்கு வேண்டிய அளவு மட்டும் நடுவில் ஒரு சுரங்கம்போல் பிரிப்பது. துளைத்து வரும் கிளைகள் பக்கங்களில் அறுபடாமல் நிற்கும். பிரேசிலின் சல்தான்யா 2001-இல் கொழுப்பு உறிஞ்சலோடு சேர்த்து விவரித்த முறையில் இந்தச் சுரங்கம்தான் மையம். கொழுப்பு உறிஞ்சலை நாங்கள் சேர்க்கவில்லை. வரத்து ஏற்கெனவே குறைந்த வலது பக்கத்தில் குழாயை விட்டுக் குடைய வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் செய்தால் வயிறு கோணலாகிவிடும், ஆகவே இரண்டு பக்கமும் வேண்டாம். இதில் அவருக்கு வருத்தம்தான்: "இடுப்புல இருக்கிறதையும் சேர்த்து எடுத்துடுவீங்கன்னு நினைச்சேன்."

இன்னும் இரண்டு உடற்கூறு முடிவுகள். ஒன்று, அடிவயிற்றுக் கொழுப்புக்கு நடுவே ஓடும் மெல்லிய நார்த்தகடான ஸ்கார்ப்பா உறையையும் அதற்குக் கீழுள்ள கொழுப்பையும் தசை மேலேயே விட்டுவிடுவது. அடிவயிற்று நிணநீர்க் குழாய்கள் பெருமளவு அந்த ஆழக் கொழுப்பில் ஓடுகின்றன. அதைச் சுரண்டி எடுத்தால் நீர் கோத்துக்கொள்வது அதிகம். இரண்டு, தொப்புள். டம்மி டக்கில் தொப்புளைச் சுற்றித் தோலை வட்டமாக வெட்டியதும் தோல் வழி ரத்தம் நின்றுவிடும். அதன் பிறகு, தொப்புளை வயிற்றுச் சுவரோடு இணைக்கும் தண்டின் அடியிலிருந்து வருவதுதான் துணை. ஹெர்னியாவுக்காக அந்த அடியையும் சுற்றிப் பிரித்தால் தொப்புளே கருகிவிடலாம். அதனால் தண்டின் இடது பக்கத்தை மட்டும் திறந்து, கொழுப்பை உள்ளே தள்ளித் துளையைத் தைத்து, வலது பாதியைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்தோம்.

ஒப்புதல் படிவத்தில் இரண்டு வரிகளைக் கையால் சேர்த்தேன்: நடுவில் தோல் கொஞ்சம் கருகலாம், தோலை இழுக்கும்போது அதிலுள்ள பழைய தொப்புள் துளை, வெட்டி எடுக்கும் பகுதிக்குள் இறங்காவிட்டால், அதைத் தைத்து மூடுவதால் அடிவயிற்று நடுவில் 3 செ.மீ. அளவுக்கு ஒரு நெடுக்குத் தழும்பு வரலாம். இரண்டாவதைப் படித்ததும் முகம் வாடியது. "குறுக்குக் கோடு சேலைக்குள்ள போயிடும். நெடுக்குக் கோடு வேண்டாமுங்க சார், முடிஞ்சா." முடிந்தால் தவிர்க்கிறேன் என்று சொன்னேன். அந்த வாக்கு மேசையில் என் கையை அசைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை நாள்

நிற்க வைத்துக் கோடு போட்டோம். பழைய சிசேரியன் தழும்பு வெட்டி எடுக்கும் தோலுக்குள் வந்தது. இரண்டு ஓரங்களிலும் முன் இடுப்பெலும்பு முனைக்கு அருகே ஆழமாகப் போகக்கூடாது என்று மாணவியிடம் நினைவூட்டினேன். தொடையின் வெளிப்புறத் தோலுக்குப் போகும் நரம்பு அந்த முனைக்குச் சற்று உள்ளே கிடக்கிறது. அறுபட்டால் தொடை மரத்தோ எரிந்தோ போகும்.

முழு மயக்கம், கால்களில் ரத்தம் உறையாமலிருக்கக் காற்றுப் பட்டை, வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே இரு பக்கமும் மரப்பு ஊசி. திட்டப்படியே போயிற்று. அடிவயிற்றில் ஸ்கார்ப்பா உறை மஞ்சள் கொழுப்புக்கு நடுவே பளபளக்கும் வெள்ளைத் தகடாகத் தெரிந்தது. அதன் மேலேயே போனோம். தொப்புளுக்கு மேலே சுரங்கம் 8 செ.மீ. அகலம். இடது விளிம்பில், சி.டி.யில் பார்த்த கிளைகளில் ஒன்று, தீக்குச்சிப் பருமனுக்குக் கொழுப்பு சூழ, துடித்துக்கொண்டு நின்றது. அதைக் காட்டியபோது மாணவி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போனோம். வலது பக்கம் தழும்பின் கிட்டே கத்தியைக் கொண்டு போகவே இல்லை.

ஹெர்னியாவுக்குப் பத்து நிமிடம். பிறகு மார்பெலும்பு நுனியிலிருந்து அடிவயிறுவரை தசை விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தோம். தைத்து முடித்ததும் மயக்க மருத்துவர், "சார், காற்றுவழி அழுத்தம் 18-லிருந்து 24-க்கு வந்திருக்கு" என்றார். வயிற்றை இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், உதரவிதானம் மேலே தள்ளப்படும். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். 22-இல் நின்றது. அதற்கு மேல் இரண்டாம் வரிசைத் தையல் போடவில்லை.

இனி மூடுவது. மேசையை இடுப்பில் மடித்துத் தோலை இழுத்தேன். பழைய தொப்புள் துளை கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. சுரங்கம் குறுகலாக இருந்தால் தோல் குறைவாகவே இறங்கும், எதிர்பார்த்ததுதான். துளையை நெடுக்காகத் தைத்துவிட்டால் இழுப்பு இல்லாமல் முடிந்துவிடும். மேசையை இன்னும் கொஞ்சம் மடிக்கச் சொன்னேன். எட்டியது. நெடுக்குத் தழும்பு தேவையில்லாமல் போயிற்று.

விளிம்பை விரலால் அழுத்திவிட்டுப் பார்த்தபோது, இடது பக்கம் வெளுப்பு மறைய 2 விநாடி. நடுவுக்கு வலப்பக்கம் 4 விநாடி. தாமதம் என்றால் ரத்த ஓட்டம் குறைவு. கவனித்தேன். மேசையை நிமிர்த்தினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தையலைத் தொடர்ந்தேன்.

எடுத்த தோலும் கொழுப்பும் 1.6 கிலோ. மொத்தம் 3 மணி 40 நிமிடம். உள்ளே சேரும் நீரை வெளியேற்ற இரண்டு டிரெயின் குழாய்கள்.

முதல் பத்து நாட்கள்

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் வயிற்றுப் பெல்ட்டைக் கழற்றியபோது, நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் தையலுக்கு மேலே 4 × 3 செ.மீ. இடம் ஊதா நிறத்தில் இருந்தது. மாணவி பேனாவை வைத்துக் கேட்ட முக்கோணத்தின் கீழ் நுனி. பெல்ட்டின் விளிம்பு பதிந்த கோடு அதன் குறுக்கே போயிற்று. இரவில் தளர்ந்துவிட்டதாக நோயாளி சொன்னதால் செவிலியர் இறுக்கிக் கட்டியிருக்கிறார். அவர்மேல் குற்றம் இல்லை. இந்த நோயாளிக்குப் பெல்ட் தளர்வாக இருக்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

பெல்ட்டை எடுத்தோம். இடுப்பையும் முழங்காலையும் மடக்கியபடியே படுக்க வைத்தோம். நடந்தாலும் குனிந்தே நடக்கச் சொன்னோம். அந்த இடத்துக்கு நேர் கீழே நான்கு தையல்களை வார்டிலேயே பிரித்து இழுப்பைக் குறைத்தோம். அன்று சாயங்காலம் ஊதா கொஞ்சம் சுருங்கியது.

நான்காம் நாள் இன்னொன்று தெரியவந்தது. தலையணை உறை மாற்றும்போது அடியில் ஒரு சுருக்குப் பை. உள்ளே வெற்றிலை, பாக்கு, காகிதத்தில் மடித்த புகையிலை. "இதை ஏம்மா சொல்லல?" என்றேன். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "பீடி சிகரெட் குடிப்பீங்களான்னுதானே சார் கேட்டீங்க? இது வெத்தலைங்க." மெஷினில் உட்கார்ந்த நேரமெல்லாம் வாயில் போடுவாராம், பல வருடப் பழக்கம். நிக்கோட்டின் வாய் வழியே போனாலும் புகை வழியே போனாலும் தோலின் சிறு தமனிகளைச் சுருக்குவதில் பேதம் இல்லை. சிகிச்சைக்கு 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டிய பொருள், தலையணைக்கு அடியில் இருந்தது. கேஸ் ஷீட்டின் "இல்லை" பொய் அல்ல. கேள்விதான் குறை.

டிரெயின்கள் ஒரு நாளுக்கு 30 மி.லி.க்குக் கீழ் வந்ததும் 5-ஆம் நாளும் 7-ஆம் நாளும் எடுக்கப்பட்டன. நீர் கோக்கவில்லை. தொப்புள் இளஞ்சிவப்பாக, உயிரோடு இருந்தது. 10-ஆம் நாள் ஊதாப் பகுதியின் பெரும்பங்கு தேறி, 3 × 2 செ.மீ. இடம் மட்டும் காய்ந்த கறுப்புப் பொருக்காக நின்றது.

பொருக்கும் அதன் பிறகும்

அதை உடனே வெட்டவில்லை. காய்ந்து, சீழ் இல்லாமல், ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கு அடியிலுள்ள சதைக்கு ஒரு மூடிதான். எல்லை தெளிந்த பிறகு, மூன்றாம் வாரம், புறநோயாளிப் பிரிவில் எடுத்தோம். அடியில் கொழுப்பின் மேற்பகுதி மட்டும் போயிருந்தது. வாரம் இரண்டு முறை கட்டு மாற்றினோம். மகள் கட்டு மாற்றக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தார். 7-ஆம் வாரம் ஓரங்களிலிருந்து தோல் வளர்ந்து மூடியது.

அந்த ஏழு வாரம் அவருக்கு எளிதாக இல்லை. கடை மூடியிருந்தது, ஆடி மாத ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. ஒருமுறை கட்டுப் பிரிக்கும்போது, "பேசாம இருந்திருக்கலாமுங்க சார்" என்றார். கேட்டுக்கொண்டேன். முன்கூட்டியே சொன்னேன் அல்லவா என்று அந்த நேரத்தில் படிவத்தை நீட்டுவதில் அர்த்தமில்லை.

9-ஆம் மாதம் வந்தபோது தசைத் தையல் உறுதியாக இருந்தது. தலையைத் தூக்கினால் முகடு இல்லை, இருமினால் தொப்புளில் முட்டல் இல்லை. மடிப்புப் புண் திரும்பவில்லை. கிடைமட்டக் கோடு பாவாடை நாடாவுக்குக் கீழே அடங்கியிருந்தது. நடுவில், வலப்பக்கமாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெளிறிய, உள்ளே இழுத்த தழும்பு. நான் தவிர்க்க நினைத்த 3 செ.மீ. நெடுக்குக் கோட்டைவிட அது அழகில்லாதது. திருத்திவிடலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். வெற்றிலையை விட்டாரா என்று கேட்டேன். "புகையிலையை விட்டுட்டேனுங்க" என்றார். வெற்றிலை பற்றி எதுவும் சொல்லவில்லை.

இனி மாற்றுபவை

தோல் கருகியதற்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பழைய தழும்பு, புகையிலை, பெல்ட், என் இழுப்பு, நான்கும் ஒரே இடத்தில் கூடின. முதலாவதை மாற்ற முடியாது. மற்ற மூன்றும் கையில் இருந்தவை. என்னைக் கேட்டால் இழுப்புக்குத்தான் முதல் பங்கு கொடுப்பேன். வரத்து குறைந்த கடைமடையில் இழுப்பையும் ஏற்றிவிட்டு, 4 விநாடி வெளுப்பைக் கண்ணால் பார்த்த பிறகும் தைத்தேன். இனி அந்த நிலையில் மேசையை மடிக்காமல் நெடுக்காகவே தைப்பேன். நோயாளியிடமும் "முடிந்தால் தவிர்க்கிறேன்" என்று சொல்ல மாட்டேன். இந்தத் தழும்பு இருக்கிறது, ஆகவே அந்தக் கோடு வரும் என்று சொல்வேன்.

நடுச் சுரங்க முடிவை மாற்ற மாட்டேன். முதல் நாள் படம் போட்டபடி விலா விளிம்புவரை பிரித்திருந்தால் 3 × 2 செ.மீ.யோடு நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஸ்கார்ப்பா உறையை விட்டதும் தொப்புள் தண்டின் பாதியை விட்டதும் பலன் தந்தன.

எங்கள் படிவத்தில் "புகைபிடித்தல்" என்ற கட்டத்துக்குக் கீழே "வாயில் போடும் புகையிலை, வெற்றிலை, பாக்குப் பொட்டலம், மூக்குப்பொடி" என்று தனி வரி வந்திருக்கிறது. பெண்களிடம் அதைக் கூட வந்தவர்கள் இல்லாமல் தனியாகக் கேட்கிறோம். ஆபரேஷன் குறிப்பில் "பெல்ட்: விரல் இரண்டு நுழைய வேண்டும்" என்று எழுதுகிறோம். மேல் வயிற்றில் திறந்த அறுவைத் தழும்பு உள்ள எல்லோருக்கும் அதற்குக் கீழே உணர்வுச் சோதனை முதல் வருகையிலேயே நடக்கிறது; மரப்பு இருந்தால் சி.டி. ஆஞ்சியோ.

கோடு போடும் விதமும் மாறிவிட்டது. முன்பு எங்கே வெட்டுவது என்றுதான் முதல் கோடு போடுவேன். இப்போது நோயாளியை நிற்க வைத்ததும், சிவப்புப் பேனாவால் பழைய தழும்புகளை வரைந்து, அவற்றுக்குக் கீழே ரத்தம் குறைவாக இருக்கும் இடத்தைச் சாய்கோடுகளால் நிரப்புகிறோம். அதற்குப் பிறகுதான் நீலப் பேனாவைத் திறக்கிறோம். சிவப்பைப் போடுவது மாணவர்கள் வேலை.